கால் ஸ்பூன் அக்கா

எங்க கிளினிக்ல மருந்து குடுக்கிற அக்காவுக்கு அப்பா அம்மா வெச்ச பேரு ஒண்ணு இருக்கு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடறதில்லை. எங்க டாக்டர் குழந்தைங்க டாக்டர் இல்லையா, நாள் பூரா கால் ஸ்பூன், கால் ஸ்பூன்னு சொல்லிச் சொல்லி அதுவே பேரா ஒட்டிக்கிச்சு. அவங்களுக்கும் எனக்கும் ஒரே வயசு, நாற்பத்தெட்டு. இருந்தாலும் நானும் அக்கான்னுதான் கூப்பிடறேன். நான் வாசல்ல டோக்கன் குடுக்கறவ. வாய் கொஞ்சம் நீளம். யாராவது வரிசையைத் தாண்டி வந்தா என் குரல் எதிர்ச்சாரிக் கடை வரைக்கும் கேக்கும்.

அந்த அக்காவாலதான் ஒரு குழந்தை இன்னைக்கு உயிரோட இருக்கு. அந்தக் குழந்தை போயிருந்தா அதுல என் பங்கும் இருந்திருக்கும். அதனால இதை நானே சொல்றதுதான் நியாயம்.

கிளினிக்குக்கு வர்ற அம்மாக்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேப்பாங்க. "கொஞ்சம் கூடக் குடுத்தா சீக்கிரம் சரியாயிடுமா?" நானா இருந்தா, நீ என்ன டாக்டருக்குப் படிச்சியான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டிருப்பேன். அக்கா கேக்க மாட்டாங்க. சீட்டை ரெண்டு தடவை படிப்பாங்க. குழந்தையோட எடையைக் கேட்டு, பாட்டிலோட வர்ற அளவு மூடியில சிவப்புப் பேனாவால ஒரு கோடு போட்டுக் குடுப்பாங்க. "இந்தக் கோடு வரைக்கும்தான்மா." அப்படியும் யாராவது தப்பாக் குடுத்துட்டு வந்து நின்னா, "திட்ட மாட்டேன். எவ்வளவு குடுத்தே, எத்தனை தடவை? அதை மட்டும் சொல்லு"ன்னு கேப்பாங்க.

ஒருநாள் பொறுக்க முடியாம கேட்டுட்டேன். "ஏன்க்கா இதுங்களைத் தலையில தூக்கி வெச்சுக்கறீங்க? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டா என்ன?"

"திட்டினா அளவைக் குறைச்சுச் சொல்லுவாங்க. அப்புறம் டாக்டர் எதை நம்பி வைத்தியம் பண்றது?"

எனக்கு அப்போ அது காதுல ஏறலை.

மருந்து ஜன்னலுக்குக் கீழ ஒரு தொட்டி, அதுல அக்கா வளர்க்கிற மணி பிளான்ட். பழைய மருந்து பாட்டில்ல ஒரு துண்டுக் கொடியா வெச்சது, நார் சுத்தின கம்பைப் பிடிச்சு ஏறி, கடிகாரத்தை ஒரு சுத்து சுத்தி, டாக்டர் ரூம் கதவுக்கு ஒரு முழம் முன்னாடி வந்து நின்னுச்சு. ஊசிக்கு அழற பிள்ளைங்களை இலையை எண்ணச் சொல்லுவாங்க. அதுக்கு மாசத்துக்கு ஒரே ஒரு தடவைதான் உரம். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன்னு பாக்கெட்ல போட்டிருக்கு. அக்கா கால் ஸ்பூனுக்கு மேல போட மாட்டாங்க. அதுவும் வெறும் தண்ணி ஊத்தி மண்ணை நனைச்ச பிறகுதான். "காய்ஞ்ச மண்ணுல உரத் தண்ணி ஊத்தினா வேர் வெந்துடும்"ம்பாங்க. குளிர் மாசத்துல அந்தக் கால் ஸ்பூனும் கிடையாது. "தூங்கற பிள்ளையை எழுப்பியா ஊட்டறது?" செடிக்கும் எடை பார்த்துட்டீங்களான்னு நான் கிண்டல் பண்ணுவேன். சிரிச்சுக்குவாங்க.

அக்கா தன் மகளுக்குப் பிரசவம்னு பதினஞ்சு நாள் லீவு போட்டாங்க. போகும்போது, "உரம் போட்டாச்சு. மண்ணு காய்ஞ்சா தண்ணி மட்டும் ஊத்து, வேற ஒண்ணும் வேண்டாம்"னு சொல்லிட்டுப் போனாங்க. நான் சும்மா இருப்பேனா? அவங்க திரும்பி வர்றதுக்குள்ள கொடியை டாக்டர் கதவுக்குக் கொண்டு போயிடணும்னு ஆசை. டிராயர்ல இருந்த உரத்தைத் தினமும் ஒரு ஸ்பூன், குமிச்சு, ஒரே ஒரு டம்ளர் தண்ணியில கலக்கி ஊத்தினேன். ஒரு வாரம் ஒண்ணும் ஆகலை. அப்புறம் இலை நுனியெல்லாம் பழுப்பாச்சு. ஐயோ, பாவம், சத்து பத்தலை போலன்னு ரெண்டு ஸ்பூனாக்கினேன். பாருங்க என் புத்தியை!

லீவு முடியப்போற நேரம், ஒரு பொண்ணு போன் பண்ணினா. "குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குதுங்க, அந்த மருந்து..." அதுக்கு மேல நான் பேச விடலை. வாசல்ல முப்பது பேர், ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சண்டை. "மூணு நாள் ஆகும்னு டாக்டர் சொல்லலையா? சொன்னபடி குடு. சும்மா சும்மா போன் பண்ணாதே"ன்னு வெச்சுட்டேன். அக்கா இடத்துக்குத் தற்காலிகமா வந்திருந்த ஆளுக்குக் கோடு போடற பழக்கமெல்லாம் கிடையாது. அது எனக்குத் தோணவே இல்லை.

அடுத்த நாள் காலையில அக்கா வந்துட்டாங்க. பேத்தி பிறந்திருக்கா, முகமெல்லாம் சிரிப்பு. செடியைப் பார்த்ததும் சிரிப்பு நின்னுச்சு. நான் முந்திக்கிட்டேன்: "வெயில் அதிகம்க்கா." அக்கா குனிஞ்சு தொட்டி விளிம்பை நகத்தால சுரண்டினாங்க. வெள்ளையா, உப்பு மாதிரி உதிர்ந்துச்சு.

"திட்ட மாட்டேன். எவ்வளவு போட்டே?"

"அரை ஸ்பூன்... ஒரே ஒரு தடவை."

அக்கா தொட்டிக்கு அடியில அகலமான தட்டு ஒண்ணை வெச்சு, பக்கெட்ல தண்ணி கொண்டு வரச் சொன்னாங்க. மேல பூத்திருந்த உப்பை வழிச்சுப் போட்டுட்டு, மெதுவா, ஜக்கு ஜக்கா ஊத்தினாங்க. அடி ஓட்டை வழியா மஞ்சளா தண்ணி வந்துச்சு. தட்டு நிறைய நிறைய நான் கொண்டு போய்க் கொட்டினேன். பத்து ஜக்கு ஆகியும் நிறம் மாறலை. "அரை ஸ்பூனுக்கு இவ்வளவு வராதே"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. எனக்கு உடம்பு கூசிப் போச்சு.

அப்பத்தான் அந்தப் பொண்ணு உள்ள வந்தா. தோள்ல எட்டு மாசக் குழந்தை, துணி மாதிரி கிடந்துச்சு. காலையில இருந்து வாந்தி, கண்ணே திறக்க மாட்டேங்குதுன்னா. டாக்டர் ரூமை விட்டு ஓடி வந்தார். குழந்தையைத் தொட்டுப் பார்த்துட்டு, "மருந்து எப்படிக் குடுத்தீங்க?"ன்னு கேட்டார். "சொன்ன மாதிரிதான்." அக்காவும் பக்கத்துல போய், "திட்ட மாட்டேன்மா. எவ்வளவு, எத்தனை தடவை?"ன்னாங்க. "சொன்ன மாதிரிதாங்க, கால் ஸ்பூன்."

சொல்லும்போது அவ அக்காவைப் பார்க்கலை. என்னைப் பார்த்தா.

குரல் பிடிபட்டுடுச்சு. போன்ல பேசின பொண்ணு. அவ பயந்தது டாக்டருக்கு இல்லை, என் வாய்க்கு.

கையில இருந்த தட்டைக் கீழே போட்டேன். "இங்க பாரும்மா"ன்னு அந்தக் கருகின கொடியைக் காட்டினேன். "இது என் வேலை. இப்பத்தான் அக்காகிட்ட அரை ஸ்பூன்னு புளுகினேன். ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன், பதினாலு நாள் போட்டிருக்கேன். நல்லா வரட்டும்னுதான் போட்டேன். நான் உன்னைவிடப் பெரிய முட்டாள். நேத்து நீ கேக்க வந்ததைக் கேக்க விடலை, அதுவும் என் தப்புதான். சொல்லிடு தாயி, உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." முப்பது பேர் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பார்க்கட்டும்.

அவ உடைஞ்சு போயிட்டா. அளவு மூடி தொலைஞ்சுடுச்சு. சாப்பிடற ஸ்பூன், அதுவும் முழுசா. காய்ச்சல் இறங்கலைன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், ரெண்டு நாளா.

அக்கா நேரத்தையும் அளவையும் கேட்டுக் கேட்டு ஒரு சீட்டுல எழுதினாங்க. டாக்டர் தன் கார்லயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அக்காவும் கூடப் போனாங்க. அந்தச் சீட்டைப் பார்த்ததும் அங்கே உடனே அதை முறிக்கிற மாத்து மருந்தை ஏத்திட்டாங்களாம், விஷயம் தெரியாம இருந்திருந்தா கஷ்டம்தான்னு சொன்னாங்களாம். அக்கா திரும்பி வர்ற வரைக்கும் நான் டோக்கன் குடுக்கலை. செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன், நிறமில்லாம வர்ற வரைக்கும். அழுகை நிக்கலை.

அக்கா வந்து, "பிழைச்சுக்கும்"னாங்க. எது, குழந்தையா செடியான்னு நான் கேக்கலை. ரெண்டும் பிழைச்சுது.

கருகின இலையை வெட்டிடலாம்னு கத்தரிக்கோலை எடுத்தேன். "ரெண்டு இருக்கட்டும்"னாங்க. "என் மானத்தை வாங்கறதுக்கா?" "இல்லடி. பயந்து வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு." உன்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தைகூட அவங்க சொல்லலை. அதைப் பத்திப் பேசவே இல்லை. இப்படி ஒரு மனுஷியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

ஒரு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு குழந்தையோட வந்தா. அது கையை நீட்டி இலையைப் பிடிச்சு இழுக்குது, அப்படி ஒரு தெம்பு. அக்கா குடுத்த சத்து மருந்தை வாங்கிக்கிட்டு, வெளியே போகாம நேரா என் மேஜைக்கு வந்தா. திட்டப் போறா, திட்டட்டும், வாங்கிக்க வேண்டியதுதான்னு நிமிர்ந்து உக்காந்தேன்.

மூடியை என் முன்னாடி நீட்டினா. "அக்கா, கோச்சுக்காதீங்க, இந்தக் கோடு வரைக்கும்தானே?"

இந்த வாசல்ல உக்காந்த பன்னிரண்டு வருஷத்துல என்கிட்ட யாரும் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. மூடியை வாங்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, "அக்கா, இங்க வாங்க"ன்னேன்.

"உன்னைத்தானே கேக்கறா"ன்னாங்க அக்கா, சீட்டைப் படிச்சுக்கிட்டே. "நீயே சொல்லு."