வேன் அக்காவின் வெள்ளைப் பட்டை

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவளுக்கு வேலை. பிள்ளைகளுக்கு அவள் வேன் அக்கா. பெற்றவர்களுக்கும் அதே வேன் அக்காதான், நரைத்த தலை வாட்ச்மேனுக்கும் அக்காதான். வேன் வந்து நின்றதும் ஒரு கை பிள்ளையைப் பிடிக்கும், மறு கை தானாகப் பையை வாங்கிவிடும். வருஷக்கணக்கில் ஊறிப்போன பழக்கம். தெருவில் யாராவது தோளில் பையோடு பக்கத்தில் வந்தால்கூட அவள் கை நீண்டுவிடும்.

இதை அவள் வீட்டார் சீக்கிரமே கண்டுபிடித்துக்கொண்டார்கள். வெளியே கிளம்பினால் போதும். நாத்தனார் தன் பையை நீட்டுவாள், மகள் நீட்டுவாள், வீட்டுக்காரர் குடையையும் சேர்த்து நீட்டுவார். பிறகு மூன்று பேரும் கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பார்கள். ஒருத்தராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே.

வெளியூர்ச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிற வழியில் அறிவியல் பூங்காவில் ஒரு நாள் தங்கிப் போகலாம் என்று கேட்டது வேன் அக்காதான். எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்பது அபூர்வம். பள்ளிக்கூடம் வருஷா வருஷம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும். அவளும் போவாள். போய் என்ன? பிள்ளைகள் உள்ளே போனபின் வேனில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பைகளுக்குக் காவல் இருப்பாள். சாயங்காலம் பிள்ளைகள் ஓடிவந்து, "அக்கா, உருண்டையா ஒரு மண்டபம்க்கா. படுத்துக்கிட்டே பாக்கணும். வானம் அப்படியே நம்ம மேல இறங்கும். சனி வளையத்துக்குள்ள நாம பூந்து போவோம்" என்று ஆளாளுக்குக் கத்தும். அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டே, பின் சீட்டில் எவனோ எடுத்த வாந்தியைத் துடைப்பாள். அந்த நட்சத்திர மண்டபத்தை ஒரே ஒரு தடவை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

வாசலில் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கி வந்து ஆளுக்கொரு காகிதப் பட்டையை மணிக்கட்டில் ஒட்டினார். மற்றவர்களுக்கு நீலம், அவளுக்கு வெள்ளை. நீலம் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

காலை முழுக்க அவளுக்கு பெஞ்சுதான். சரிவாகக் கட்டிய வேடிக்கை வீட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு, கண்ணாடி அறைக்கு வெளியே இன்னொன்று. "அவளுக்கு இதெல்லாம் ஒத்துக்காது, தலை சுத்தும்" என்றாள் நாத்தனார். கடைசியில் யாருக்குச் சுற்றியது? ராட்டினத்திலிருந்து இறங்கி ஓரமாகப் போய்க் குமட்டியது நாத்தனார்தான். தண்ணீர் பிடித்து முகம் கழுவிவிட்டது யார் என்று கேட்கவே வேண்டாம். வேன் அக்காவோ, நட்சத்திர மண்டபம் இருக்கிறதே, அது போதும் என்று இருந்தாள்.

கடைசிக் காட்சிக்கு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். வாசலில் நின்ற பெண் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கையைக் குறுக்கே வைத்தாள்.

"இது துணைக்கு வர்றவங்க பட்டைங்க. சும்மா சுத்திப் பாக்கலாம், உக்காரலாம். உள்ள போக நீலம் வேணும்."

வேன் அக்கா திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"ஆமா, நான்தான் வெள்ளை வாங்கினேன்" என்றார் அவர். "நீ எப்பவும் வெளியதானே உக்காருவே. வீணா எதுக்குன்னு."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இந்த மனுஷர் யோசிக்கவே இல்லையே.

"இங்க வரணும்னு கேட்டதே நான்தானே?"

"அதான் வந்தாச்சே. சரி விடு, நாங்க பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம உனக்குச் சொல்றோம்."

சொல்கிறார்களாம். அடுத்தவர் சொல்லக் கேட்டே காது புளித்தவளிடம் வந்து, இன்னும் கொஞ்சம் சொல்கிறார்களாம். அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. தோளில் இருந்த பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நடைபாதை நடுவிலேயே வைத்தாள்.

"நான் போய் நீலம் வாங்கிட்டு வர்றேன்."

"அப்ப பையை யாரு பாத்துக்கறது?" என்று கேட்டார் வீட்டுக்காரர். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"யாராவது பாத்துக்கட்டும். நாலு பேர் வந்திருக்கோம். இத்தனை வருஷமா அந்த யாராவது நான் ஒருத்திதானா?"

"நாலு பேர் பாக்கற இடத்துல என்ன பேச்சு இது" என்று முணுமுணுத்தாள் நாத்தனார். மகள் தரையைப் பார்த்தாள். வேன் அக்கா நடந்தாள். எதிரே ஒரு பிள்ளை கனமான பையோடு வந்தது. கை நீளப் பார்த்தது, இழுத்துக்கொண்டாள். தன் சம்பளப் பணத்தில் நீலப் பட்டை வாங்கி, வெள்ளையைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

திரும்பி வந்தபோது நாத்தனாரும் மகளும் உள்ளே போயிருந்தார்கள். வீட்டுக்காரர் பெஞ்சில், மடியிலும் இரண்டு பக்கமும் பைகளோடு உட்கார்ந்திருந்தார்.

"நீ வந்துட்டியா" என்று பாதி எழுந்தார். "அடுத்த காட்சி இருக்கான்னு அந்தப் பொண்ணுகிட்டக் கொஞ்சம் கேளேன். நானும் பாக்கலையே."

"இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மகள் பக்கத்து இருக்கையைப் பிடித்து வைத்திருந்தாள். வேன் அக்கா சாய்ந்து படுத்தாள். விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, பிறகு வானம் முழுக்க இறங்கியது. அவள் இமைக்கவில்லை. மகள் இருட்டில் துழாவி அவள் கையைப் பிடித்தாள்.

"என்னம்மா, கையை இப்படி இறுக்கறே. பயமா இருக்கா?"

"பயமில்ல. கோவம்" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ பேசாம இரு, நான் பாக்கணும்."