வெள்ளச்சி இழுத்துப்போன புடவை

பினாயில் வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், பன்றிக் கொட்டகையின் சிமெண்ட் தரையில் பாலாக வெளுத்த பினாயில் தண்ணீரை ஊற்றி, அப்பா தென்னந்துடைப்பத்தால் பரபரவென்று தேய்ப்பார். கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் பன்றி வளர்த்த வீடு எங்களுடையது மட்டும்தான். பன்றி என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு நடுவில், "எங்க 'கொட்டாயில' சோறு போட்டுத் திங்கலாம்" என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசை. ஒரு துரும்பு கிடந்தாலும் பெருக்கித் தள்ளிவிடுவார்.

எங்களிடம் இரண்டு தாய்ப்பன்றிகள் இருந்தன. நாட்டுப் பன்றியான 'கருப்பி' பகலெல்லாம் வெளியே திரியும். கடலூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து வேனில் ஏற்றிவந்த சீமைப் பன்றியான 'வெள்ளச்சி' கொட்டகையை விட்டு வெளியே வராது. அதை வாங்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவள் அம்மா. அக்காவை மேலே படிக்கவைக்கும் பேச்செல்லாம் அது ஈனப்போகும் குட்டிகளை நம்பித்தான் நடந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த சித்திரையில் இரண்டும் ஒரே வாரத்தில் ஈன்றன. தேதிகளைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பிறகுதான் வந்தது, ஆகவே மாதத்துக்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. கருப்பி வாய்க்கால் கரைப் புதருக்குள் கரும்பின் காய்ந்த இலையான சோகையை வாயால் இழுத்து வந்து குவித்து, அதற்குள் படுத்துக் கொஞ்சம் குட்டிகள்தான் போட்டது, அத்தனையும் பிழைத்தன. வெள்ளச்சி நிறையப் போட்டது. கழுவிய ஈரத் தரையில் குட்டிகள் தாயின் வயிற்றடியில் ஒண்ட, அது தொப்பென்று சாய்ந்து படுக்க, ஒவ்வொன்றாக நசுங்கிச் செத்தன. முக்கால்வாசி போயிற்று.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, விடுவாரா? "என்னா மச்சான், கருப்பி சோகையில படுத்துக்கினு அத்தனையும் காப்பாத்திட்டா. உங்க சீமைக்காரி ஆஸ்பத்திரி மாதிரி ரூம்புல படுத்து எமனுக்கு வாரிக் குடுத்துட்டாளே!" என்றார். அப்பா அம்மாவிடம், "இன்னொரு தடவ இப்புடி ஆச்சின்னா வித்துடுவேன்" என்றார்.

வெள்ளச்சி மறுபடி நிறைசினையானது ஐப்பசி அடைமழையில். மழை விட்ட ஒரு காலையில், கழுவுவதற்காக அப்பா கதவைத் திறந்ததும் அது அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் ஊதாக்கரைப் புடவையைக் கவ்வி இழுத்தது.

"ஏய்! வுடு, வுடுடி!" என்று அம்மா குச்சியோடு துரத்தினாள். புடவையோடு அது கொட்டகைக்கே திரும்பி ஓடியது. மூலையில் அதைப் போட்டு, மூக்கால் தள்ளி, முன்னங்காலால் வெறும் சிமெண்டைப் பிறாண்டிப் பிறாண்டிச் சுருட்டியது. ஓங்கிய குச்சி அம்மாவின் கையிலேயே நின்றது.

"இது படுக்கை போடுதுங்க. கருப்பி சோக இழுத்தா மாதிரி" என்றாள் அப்பாவிடம். "நாமதான் தெனம் கழுவிக் கழுவி ஒண்ணுமில்லாம பண்ணி வச்சிருக்கோம்."

"வைக்கோலப் போட்டா நாறும். தெருவுல என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். குட்டி செத்தா அவுங்களா வந்து அழப்போறாங்க?"

அப்பா கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். பிறகு வைக்கோல் போரின் உள்ளிருந்து நனையாததாகப் பார்த்து உருவிவந்து, அவரே பரப்பினார். எட்டிப் பார்த்த மாமா, "மெத்த ஜோரா இருக்கு மச்சான், எனக்கும் ஒண்ணு போடுங்க" என்றார்.

அன்று மாலையே வெள்ளச்சி ஈன்றது. உறுமிக் குட்டிகளை விலக்கிவிட்டு, முன்னங்கால் மடித்து மெல்ல இறங்கும் கருப்பியின் நிதானம் அதற்கு அப்போதும் வரவில்லை. தொப்பென்றுதான் படுத்தது, ஒன்றிரண்டு செத்தும் போயின. ஆனால் அடியில் மாட்டிக்கொண்ட மற்றவை வைக்கோலுக்குள் அமிழ்ந்து, கத்திக்கொண்டே நெளிந்து வெளியே வந்துவிட்டன. கிறிஸ்துமஸுக்குள் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. விற்கிற பேச்சை அப்பா அதன் பிறகு எடுக்கவில்லை. குட்டிகளை விற்ற பணத்தில் அக்கா சிதம்பரத்துக்குப் படிக்கப் போனாள், சில வருடம் கழித்து நானும் போனேன்.

நிறைய ஈனவேண்டும் என்று மனிதர்கள் பொறுக்கியெடுத்து வளர்த்த பெரிய உடம்புக்காரச் சீமை இனங்களில் குட்டி நசுங்குவது அதிகம் என்று பிற்பாடு படித்தேன். ஆனால் ஈனும் முன் படுக்கை சேர்க்கும் தவிப்பு எந்த இனத்தையும் விட்டுப் போகவில்லையாம். புத்தகங்களுக்கு முன்பே அதை எங்களுக்குக் காட்டிக்கொடுத்த வெள்ளச்சிக்கும், குச்சியைத் தாழ்த்திய அம்மாவுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வாய்க்கால் கரைப் புதரை அழித்து மனை போட்டுவிட்டார்கள். தெருவில் பன்றி வளர்ப்பவர் யாருமில்லை. போன வருடம் சிதம்பரத்தில் எனக்கு மகள் பிறந்தபோது, ஆஸ்பத்திரி அறை முழுக்க அதே பினாயில் வாசனை. அம்மா பையிலிருந்து, துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய நூல் புடவை ஒன்றை எடுத்து, நாலாக மடித்துக் குழந்தைக்கு அடியில் விரித்தாள். அதன் ஊதாக் கரையை நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"பயப்படாத, அது இல்ல" என்றாள். "அத வெள்ளச்சிகிட்டயே வுட்டுட்டேன்."