நண்டுக்குள் நின்ற இரண்டு நாட்கள்

இந்த முறை நான் யாழ்ப்பாணத்துக்குப் போனது நண்டாக நிற்பதற்கு. எழுதிவிட்டு நானே ஒருமுறை திரும்ப வாசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஓகஸ்ட் மாதப் பள்ளி விடுமுறை. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. திருகோணமலையில் வீட்டோடு கிடந்த என்னை அகிலன் தொலைபேசியில் பிடித்தான். அகிலனும் நானும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த காலம் முழுக்கத் திருநெல்வேலியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். இப்போது அவனுக்கு அச்சுவேலிக்கு அப்பால், கடற்கரைப் பக்கமாக இருக்கிற பெரிய கேளிக்கைப் பூங்காவில் வேலை. என்ன வேலை என்று எப்போது கேட்டாலும் "விருந்தினர் சேவை" என்பான். நானும் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருக்கிறான் என்றே நினைத்திருந்தேன்.

"மச்சான், சனி ஞாயிறு ரெண்டு நாளும் எனக்குப் பதிலா நண்டுக்குள்ளை நிப்பியோ?" என்றான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். அதே வசனத்தைத்தான் சொன்னான். வந்தால் விளக்குகிறேன், சாப்பாடு இருக்கு, நாள் சம்பளமும் தருவார்கள் என்றான். வேலை செய்து ஊர் பார்த்தால் வலைப்பதிவுக்கு ஒரு கட்டுரை ஆகும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டேன்.

திருகோணமலையில் காலை பதினொரு மணி பஸ். கட்டணம் ஆயிரத்து இருநூறு ரூபாய். வவுனியாவில் தேநீர் குடிக்க நிற்பார்கள். அதற்குப் பிறகு வெயில் இடப்பக்கம் விழும், ஆகவே வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள். நான் இடப்பக்கம் இருந்து பாதி வெந்துபோய்த்தான் யாழ்ப்பாணத்தில் இறங்கினேன். அடுத்த இரண்டு நாளுக்கு அது நல்ல பயிற்சி என்று அப்போது தெரியவில்லை. மாலை ஐந்தரைக்கு இறங்கி, பலாலி வீதி பஸ் ஒன்றில் ஏறி, ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் அகிலனின் அறையில் நின்றேன்.

சந்தைக்குப் பக்கத்துத் தோசைக் கடையில்தான் விஷயம் வெளியே வந்தது. பூங்காவின் சின்னம் ஒரு பெரிய சிவப்பு நண்டு. அந்த உடுப்புக்குள் நின்று பிள்ளைகளோடு ஆடுவதும் படம் எடுக்க நிற்பதும்தான் அகிலனின் விருந்தினர் சேவை. அவனுக்கு முப்பத்துநாலு வயது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொன்னதால் மூன்று சம்பந்தம் குழம்பியிருக்கிறது. நாலாவது இப்போது மருதனார்மடத்திலிருந்து வந்திருக்கிறது. இந்த முறை புரோக்கரிடம் விருந்தினர் சேவை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறான்.

"உவையும் மாட்டம் எண்டால் நான் வேலையை விட்டிடுவன். கொழும்பிலை மாமாவின்ரை கடைக்குப் போகச் சொல்லி அம்மா ஒவ்வொரு நாளும் அழுகிறா," என்றான்.

"உனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கோ?"

"பிடிக்கும். சொன்னாச் சிரிப்பாய்."

நான் சிரிக்கவில்லை. தோசை வாயில் இருந்தது.

"அவை சொல்லாமல்தான் வருவினம். முந்திக் கோயில்லை வைச்சுப் பொம்பிளை பாக்கிறேல்லையோ, அது மாதிரி இப்ப மாப்பிளையை வேலை செய்யிற இடத்திலை வைச்சுப் பாக்கினமாம். நண்டுக்குள்ளை நிண்டா என்ரை மூஞ்சையை ஆர் பாக்கிறது? அதுதான் ரெண்டு நாளும் கேற்றிலை நிக்கிறன் எண்டு கேட்டு வைச்சனான்."

"எப்ப வருவினம்?"

"சனி. இல்லாட்டி ஞாயிறு."

"ஆர் ஆர் வருவினம்?"

"தெரியாது. தேப்பன், தாய், பெட்டை, ஆரெண்டாலும்."

"பெட்டையின்ரை படம் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். கோயில் வாசல்லை சீலையோடை தூரத்திலை நிண்டு எடுத்தது. எல்லாப் பெட்டையளும் அப்பிடித்தான் நிப்பினம்."

இவ்வளவு குழப்பத்தை நம்பி ஒருவன் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகிவிட்டு வந்து நிற்கப் போகிறான் என்பதை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் அச்சுவேலி. பதின்மூன்று கிலோமீற்றர், நூறு ரூபாய். சந்தியிலிருந்து ஊழியர் வான் ஏற்றிப் போகும். வான் தவறினால் ஓட்டோவுக்கு நானூறு கேட்பார்கள். பூங்கா வாசலில், பிரமாண்டமான அந்த வளைவுக்கு இடது பக்கமாக, இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்ன வைரவர் கோயில். காணியில் முதலே இருந்தவராம், பூங்கா அவரைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. அகிலன் செருப்பைக் கழற்றினான். இரண்டு கையையும் இரண்டு பக்கமாகத் தோளுக்கு மேலே தூக்கினான், பிறகு நினைவு வந்ததுபோல இறக்கி, சேர்த்துக் கும்பிட்டான். இது எந்த ஊர் முறை என்று யோசித்தேன். கேட்பதற்குள் மேற்பார்வையாளர் சுகந்தி அக்கா என்னை உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

சுகந்தி அக்காவின் சட்டங்கள் மூன்று. நண்டு கதைக்காது. ஆக்களுக்கு முன்னால் உடுப்பைக் கழற்றாது. இருபது நிமிடம் வெளியே நின்றால் இருபது நிமிடம் உள்ளே வந்து தண்ணீர் குடிக்கும். "கதைச்சா அண்டைக்கே வேலை முடிஞ்சுது. பதிலுக்கு வந்த நீங்கள் கதைச்சாலும் அகிலன்ரை வேலைதான் போகும், சொல்லிப் போட்டன்," என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

உடுப்பு பஞ்சாலும் சிவப்புத் துணியாலும் ஆனது. உள்ளே பினாயிலும் திருநீறும் அகிலனின் வியர்வையும் சேர்ந்த ஒரு மணம். நண்டின் வாயில் வலை அடித்திருக்கிறார்கள், அதனூடாக நேரே முன்னால் இருப்பது மட்டும் தெரியும். தலையும் உடம்பும் ஒன்று. இரண்டு கொடுக்குகளும் வயிற்றைத் தாண்டி ஒன்றோடொன்று முட்டாது. மேலே கண்கள் இரண்டும் சுருள் கம்பியில் ஆடும். நான் ஆம் என்று ஆடினாலும் இல்லை என்று ஆடினாலும் அவை ஒரே மாதிரித்தான் ஆடின.

வெளியே போனதும் எனக்குத் திசை கெட்டது. எங்கே பார்த்தாலும் முழங்கால்கள். இராட்டினப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டு, தண்ணீர்ச் சறுக்கல் பக்கத்திலிருந்து இன்னொரு பாட்டு, நடுவில் ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறம். ஒரு குழந்தை என்னைக் கட்டிப்பிடித்தது, அடுத்த குழந்தை என்னைக் கண்டு வாந்தி எடுத்தது. கனடாவிலிருந்து வந்த ஒருவர் என் கொடுக்கை அமுக்கிப் பார்த்து, "நல்லூர்க் கொடி இறங்கட்டும், உனக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். திருவிழாவுக்காக ஊரே மரக்கறி சாப்பிடுகிற நாட்களில் நண்டாக நிற்பது ஒரு விதத்தில் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

கேளிக்கைப் பூங்காவில் வேலை செய்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அங்கே எல்லோரும் சந்தோசமாக இருக்கிறார்கள், ஏன் என்று வேலை செய்பவனுக்குத்தான் தெரியாது. மத்தியானம் ஊழியர் சாப்பாட்டறையில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் மோர் மிளகாயும் தந்தார்கள்.

அகிலனின் நிலைமை என்னுடையதைவிட மோசம். கேற்றில் இஸ்திரி போட்ட யூனிபோமோடு நின்று, வயதுக்கு வந்த பெண்ணோடு வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாப்பிள்ளைச் சிரிப்புச் சிரித்திருக்கிறான். பின்னேரம் அவன் கன்னம் நொந்துபோய் இருந்தது. "நீல வான்லை வந்தவையோ, பச்சைச் சீலையோ, விளங்கேல்லை மச்சான்," என்றான். ஒரு தாய் அவனை முறைத்துப் பார்த்தாராம். அது பெண் வீடா, சாதாரணக் கோபமா என்று இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஞாயிறு மூன்றரை மணி இருக்கும். வேப்பமர நிழலில் நின்றேன். சுகந்தி அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். வெள்ளைச் சேர்ட்டும் கக்கத்தில் குடையுமாக ஒரு பெரியவர் வந்து பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்தார்.

"தம்பி, உள்ளுக்கை சரியான வெக்கையா இருக்குமே. நான் மருதனார்மடம்," என்றார்.

அகிலனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கலியாணம் என்றால் அயலட்டையிலும் வேலைத்தலத்திலும் துருவித் துருவி விசாரிப்பார்கள், நண்டை மட்டும் ஏன் விடுவார்கள்? குடிக்க மாட்டான், தங்கமான பொடியன் என்று சொல்ல வாய் உன்னியது. மூடிக்கொண்டேன்.

"நீங்கள் கதைக்கக் கூடாதெண்டு தெரியும். நான் சொல்லுறதை மட்டும் கேளுங்கோ. புரோக்கர் விருந்தினர் சேவை எண்டவர். நாங்கள் விசாரிச்சம், நண்டு எண்டு தெரிஞ்சுது. ஒளிப்பானேன், எனக்கு விசர் வந்தது. ஒருக்காப் போய்ப் பாப்பம் எண்டு மகள்தான் நிண்டவள். போன கிழமையும் வந்தனாங்கள்."

போன கிழமை. அப்போது உள்ளே நின்றது அகிலன். இந்த மனிதர் என்னைத்தான் அகிலன் என்று நினைத்துக் கதைக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒரு குழப்படிப் பெடியன் உங்களைக் காலாலை உதைச்சவன். நீங்கள் கோவிக்கேல்லை. குந்தி இருந்து அவனுக்குக் கை குடுத்தனீங்கள். அவன் போகேக்கை உங்களைக் கொஞ்சிப் போட்டுப் போனவன். மகள் அதைப் பாத்துக்கொண்டே நிண்டவள்." குடையை மடியில் வைத்தார். "அவளுக்கு விருப்பம். எங்களுக்கும் சம்மதம். உங்களுக்கு விருப்பமோ? கதைக்க வேண்டாம், தலையை ஆட்டினாக் காணும்."

எனக்கு வீட்டில் மனைவியும் ஒரு மகனும் இருக்கிறார்கள். அகிலன் இந்தப் பெண்ணை நேரில் பார்த்ததுகூட இல்லை. தலையாட்டினால் அவனைக் கேட்காமல் அவன் கலியாணத்தை முடித்தவன் ஆவேன். ஆட்டாமல் விட்டால் நாலாவதும் போகும். கதைத்தால் வேலை போகும். கல்லாகி நின்றேன். அந்த நேரம் பார்த்துச் சோளகக் காற்று ஒன்று வீசியது. மேலே கண்கள் இரண்டும் ஆடின, நன்றாகவே ஆடின.

"சந்தோசம்," என்றார் பெரியவர். அவர் கண் கலங்கியதை வலையூடாகப் பார்த்தேன். எனக்கும் உள்ளே வியர்த்ததா அழுதேனா தெரியவில்லை.

அப்போது ஒரு பெண் கையில் ஐஸ்கிறீமோடு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, உது அவர் இல்லை."

"என்ன விசர்க்கதை பிள்ளை?"

"போன கிழமை வைரவரடியாலை போகேக்கை ஒவ்வொரு தரமும் நண்டு நிண்டு ரெண்டு கையையும் தூக்கினது. இண்டைக்குக் காலமை துவக்கம் பாக்கிறன், உது ஒருக்காவும் தூக்கேல்லை."

வைரவர் இருந்தது இடது பக்கம். என் வலைக்குள் அவர் வரவே இல்லை.

பெரியவர் வாங்கிலிருந்து எழும்பினார். முகம் கறுத்துவிட்டது. "அப்ப நீர் ஆர்? நான் இவ்வளவு நேரமும் ஆரோடை கதைச்சனான்?"

சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். வாயைத் திறக்க ஏலாது. எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். பெரியவரின் கையைக் கொடுக்கால் பிடித்தேன், இழுத்துக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தேன். பின்னால் மகள், அதற்குப் பின்னால் பிள்ளைகள். "விடும், விடும்," என்று பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார், ஆனால் வந்தார்.

கேற்றில் அகிலன் எங்களைக் கண்டு வெளிறிப்போனான். அவனுக்கு இவர்கள் யாரென்று தெரியாது. நண்டு ஒரு கிழவரை இழுத்து வருகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது.

"ஐயா, ஏதும் பிழை நடந்திட்டுதோ? மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அவர் புது ஆள்."

"தம்பி, நீங்கள்..." என்று பெரியவர் தொடங்கி, என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் திசை கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

நாலு மணிப் பூசைக்குக் காவலாளி வைரவரின் மணியை அடித்தார். அகிலன் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பினான். இரண்டு கையையும் இரண்டு பக்கமாகத் தோளுக்கு மேலே தூக்கினான், விரல்களை மடக்கிக்கொண்டு.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஐஸ்கிறீம் உருகி அவள் கையில் வழிந்தது.

"அப்பா, இவர்தான்."

அகிலன் கைகளை இறக்க மறந்து நின்றான். அவள் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. "உள்ளுக்கை சரியான வெக்கையோ?"

"ஓம்," என்றான் அகிலன். பிறகு, "பழகீட்டுது," என்றான்.

அன்றிரவு என்னைப் பிடித்து, "அவர் கேக்கேக்கை நீ என்ன சொன்னனீ?" என்று குடைந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, காற்றுத்தான் சொன்னது என்றேன். அவன் நம்பவில்லை. புரோக்கர் யாருக்கு எதைச் சொன்னார், எதை மறைத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இவன் இரண்டு நாள் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றதும், அவர்கள் முகமில்லாத நண்டைத் தேடி வந்ததும் ஏன் என்று யோசித்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. கலியாணம் தை மாதம். கொழும்புக் கடைக்கு மாமா வேறு ஆள் தேடுகிறார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். விடுமுறைக் காலத்தில் இப்படியான இடங்களில் நாள் சம்பளத்துக்கு ஆள் எடுப்பார்கள், நேரே போய்க் கேட்க வேண்டும். மாற்றுப் பெனியன் நாலு கொண்டு போங்கள். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் அவசியம். நண்டுக் கறி சாப்பிடும் ஆசை இருந்தால் நல்லூர்த் திருவிழா முடிந்தபின் போங்கள். கடைசியாக ஒன்று, உடுப்போடு வைரவரைத் தாண்டும்போது இடது பக்கம் திரும்ப மறக்காதீர்கள். கை சேராது. இரண்டையும் தூக்கினால் காணும். யாராவது பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.