சஹனைவிட்டு எழும்பாதவர்

செய்னுலாப்தீனை கற்பிட்டியில் ‘சீஐடி நானா’ என்று கேட்டால்தான் வீடு காட்டுவார்கள். உண்மையில் அவர் போதைத் தடுப்புப் பொலிஸாரின் ஜீப் ஓட்டியவர். மற்றவர்கள் துப்பாக்கியோடு இறங்கி ஓட, இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருப்பார். ஆனாலும் அந்தப் பட்டத்தை ஒருநாளும் மறுத்ததில்லை. பென்ஷனோடு சும்மா வந்த மரியாதையை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஓய்வுபெற்றபின் அவருக்குச் சண்டைப்படப் பைத்தியம். எல்லாம் ஒரே கதைதான். பழைய உளவாளி வீட்டோடு கிடப்பான். போதைத்தூள்காரர்கள் அவன் பிள்ளையைத் தொடுவார்கள். அலுமாரியிலிருந்து துப்பாக்கி வெளியே வரும். கடைசியில் வில்லனின் விருந்து மேசையைக் கவிழ்ப்பான். சின்ன வயதில் மகன் அர்கம் பக்கத்தில் குந்திக்கொண்டு, “வாப்பா, நீங்களும் இப்பிடித்தான் அடிச்சீங்களா?” என்று கேட்பான்.

“ஓம் மகன்” என்பார், கூசாமல்.

யுத்தம் முடிந்து கடல் திறந்தது. மீனோடு தூளும் கரையேறியது. வளர்ந்த அர்கம் அதில் விழுந்தான். கொடுத்தவன் நஸீம், இவருக்கு மருமகன் முறை. ஊருக்கே தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சொந்தக்காரப் பெண் நுஸ்ராவின் கல்யாணத்தன்று அவர் மனைவி ஜுனைதாவிடம் சொன்னார்: “இண்டைக்குச் சபையில வெச்சு நஸீமக் கேக்கப்போறன். இனி அவன் எங்கட புள்ளையத் தொடமாட்டான்.”

“கேளுங்க. எனக்கு என்ட மகன் வேணும்” என்றாள் அவள்.

கல்யாணச் சாப்பாடு சஹன் என்ற பெரிய தட்டில்; ஒரு சஹனுக்கு ஆறு பேர். போய் உட்கார்ந்தால் எதிரே நஸீம், அவனுக்குப் பக்கத்தில் அர்கம். ஒரே தட்டில் கை வைத்தபின் ஒருவர் கோபித்து எழும்பினால் மற்றவர்களும் கையை எடுத்துவிடுவார்கள். நஸீம் கோழித் தொடையைப் பிய்த்து இவர் பக்கம் வைத்தான்.

“மாமா, முதல்ல நீங்க கைய வைங்க.”

சொல்லவேண்டியது நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் அர்கம் சாப்பிடத் தொடங்கிவிட்டான். வாரக்கணக்காக வீட்டில் ஒரு பருக்கை தொடாதவன், குனிந்த தலை நிமிராமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். முடிக்கட்டும், கை கழுவியபின் கேட்போம் என்று செய்னுலாப்தீன் நினைத்தார். தன் முன்னாலிருந்த தொடையையும் மகன் பக்கம் தள்ளிவிட்டார். அந்த நேரம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவம் மனிதர்.

கை கழுவித் திரும்பும்போது இருவரும் நஸீமின் மோட்டார்சைக்கிளில் போய்விட்டிருந்தார்கள். மறுநாள் மாம்புரிக் கரையில், ஆளில்லாத மீன்வாடிக் குடிசை ஒன்றில் அர்கமைக் கண்டெடுத்தார்கள். தூள் கூடிப்போய் உயிர் போயிருந்தது. ஜனாஸாவுக்கு நஸீமும் வந்து சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்தான்.

இப்போதும் தொலைக்காட்சியில் அந்தப் படங்கள் போகின்றன. மேசை கவிழும் கட்டம் வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அப்படித் திருப்பியபோது ஜுனைதா, அதுவரை கேட்காததைக் கேட்டாள்.

“அண்டைக்கு ஏன் ஒண்டும் கேக்கல்ல?”

அவர் தன் வலக்கையைப் பார்த்தார்.

“புள்ள சாப்பிட்டுக்கிட்டிருந்தான், ஜுனைதா.”