வண்டி ஏறாத நாய்

அவள் நடந்த தெருவெல்லாம் சொட்டுச் சொட்டாய்ச் சிவப்பு. மலையடிவாரத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டின் வாசலைத் தன் வாசலாக்கிக்கொண்ட செம்மண் நிற நாய். பருவத்துக்கு வந்த நாய் அப்படித்தான் என்றார்கள். பருவம் மாதக்கணக்கிலா நீளும்? வாலுக்கடியில் கோழிக்கொண்டை போலச் சதை பிதுங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் எருமைக்கு ஊசி போட வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் அவளைப் பிடித்துக் காட்டினேன். இது புற்று என்றார். நாய்கள் இணைசேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டுமாம், மனிதருக்கு வராதாம். சில நாய்களுக்குத் தானாகவே வற்றிப்போகும், அதுவரை தனியே கட்டிவை என்றார். கொல்லை முருங்கையில் கட்டினேன். வேலிக்கு வெளியே வந்து ஊளையிட்ட கடுவன் நாய்களைத் துடைப்பத்தால் விரட்டினேன்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. காவடி வரும் வழியில் நாய் கூடாதென்று, தெரு நாய்களைச் சாக்கில் பிடித்து, மாட்டுவண்டியில் ஏற்றி, கே.ஜி.கண்டிகையில் இறக்கிவிடுவது எங்கள் தெருவின் வழக்கம். கண்டிகை நான் பிறந்த ஊர். போன ஆண்டு இறக்கியவற்றில் சொட்டும் நாய்களும் இருந்தன. பொங்கலுக்கு அப்பா வீட்டுக்குப் போனபோது, நைனாவின் காவல் நாய் அதே சிவப்பைச் சொட்டிக்கொண்டு வாலாட்டி வந்தது. அந்த நோய்க்கு நாங்களே வண்டி கட்டிக் கொடுத்திருந்தோம்.

வண்டி ஓட்டுவது என் கணவரின் அண்ணன். சாக்கோடு கொல்லைக்கே வந்துவிட்டார்.

"ஊரே காவடி எடுத்துகினு வருது. நீ நாயைக் கட்டிகினு குந்தியிருக்கியாம்மா?"

"ஆங், குந்திகினுதான் இருப்பேன் பாவா. இதை ஏத்துனா நானும் ஏறுவேன். எங்க ஊருக்குத்தானே போவுது வண்டி? எதுக்கு வந்தேன்னு நைனா கேட்டா, உங்களையே சொல்லச் சொல்றேன்."

என் கணவர் உள்ளேயே இருந்தார். தெருப் பெண்கள் வேலிமேல் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, புருஷனைவிட நாய் உசத்தியாகிவிட்டதா என்றாள். புருஷனை யாரும் சாக்கில் போடவில்லையே என்றேன். பாவாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

கிருத்திகையன்று மலைமேல் மேளம். கீழே நான், ஒரு கயிறு, ஒரு நாய். இந்தக் கயிற்றை விட்டால் இன்னொரு ஊர் சொட்டும். விடவில்லை. மழை வந்தது, பனி வந்தது. கொண்டைச் சதை சுருங்கியது, கறுத்தது, ஒருநாள் உதிர்ந்தே போனது.

அந்த வாரமே பாவா வந்து வேலியோரம் நின்றார். கையில் ஒரு கயிறு. மறுமுனையில் அவர் வீட்டுக் கடுவன் நாய், தலை தொங்கியபடி, காலிடையில் சிவப்பு சொட்ட. கயிற்றை வேலிக்கு மேலாக நீட்டினார்.

"வண்டியில எடம் இல்லியா பாவா?" என்றேன்.

கயிற்றை வாங்கி முருங்கையில் கட்டினேன்.