தீவு ரயில் மியூசியத்தில் எங்கள் கோயமுத்தூர் குரூப்

டூர் மேனேஜர் வேலையில் ஊர் பார்க்கிற நேரத்தைவிடத் தலை எண்ணுகிற நேரம்தான் அதிகம். கல்யாணத்துக்கு ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிப்போய், குறையாமல் திரும்பக் கொண்டுவந்து இறக்கியவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே சாதி. ஆர்.எஸ்.புரத்திலிருக்கும் எங்கள் ஆபீஸிலிருந்து இந்த முறை முப்பது பேரை இலங்கைக்கு அழைத்துப் போனேன். மலைப்பாதை ஓரம் ஒரு ரயில் மியூசியம். அந்தத் தீவில் முன்பு ஓடிய எஞ்சின்களும் பெட்டிகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன.

இருபத்தொன்பது

உள்ளே போய்ப் பத்தாவது நிமிடம் எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழனிச்சாமி அண்ணனைக் காணோம். தேடினால், தண்டவாளத்தில் நின்ற தள்ளு டிராலிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தமிழ் தெரியாத மியூசியக் காவலர் பதறிப்போய் விசில் ஊதினார். அண்ணன் நிதானமாக வெளியே வந்து, சக்கரம் இறுகிக் கிடப்பதைச் சைகையிலேயே விளக்கினார். காவலர் யோசித்தார், உள்ளே போய் ஆயில் கேனோடு வந்தார். இருவரும் ஊற்றி, ஆட்டி, தள்ளியதில் டிராலி ஒரு முழம் நகர்ந்தது. காவலருக்கு முகமெல்லாம் பல்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "ஏனுங்க தம்பி, இதுக்கு நல்ல பேரிங் நம்மூர்ல கெடைக்குமுங்க. கூரியர்ல அனுப்புனா வாங்கிக்குவாங்களானு கேட்டுச் சொல்லுங்க."

முதல் வகுப்பு

சூலூர் விசைத்தறிக்காரர் சுப்பிரமணியும் மனைவி கலாமணியும் கோவை ஏர்போர்ட்டிலிருந்தே பேசிக்கொள்ளவில்லை. அவருடைய பிரஷர் மாத்திரையை யார் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதில் தகராறு. போட்டோவுக்காக இருவரையும் பழைய முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். அது திறக்கவேயில்லை. காவலரைக் கூப்பிட ஓடினேன். காவலரும் பழனிச்சாமி அண்ணனும் கால் மணி நேரம் மல்லுக்கட்டித் திறந்தார்கள். உள்ளே இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கலாமணி அக்கா சொன்னார்: "இன்னும் அஞ்சு நிமிசம் கழிச்சுத் தொறந்திருந்தா என்னங்க கொறஞ்சா போயிரும்?"

படத்தில் ஓரத்தில் நின்றவர்

பாக்கியம் அக்கா பிறந்தது இலங்கையில். அப்பா தண்டவாளம் பழுது பார்க்கும் தொழிலாளி. அக்கா சின்ன வயதில் குடும்பத்தோடு இந்தியா வந்தவர், அதற்குப் பிறகு இப்போதுதான் அங்கே போகிறார். அப்பாவின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. தண்டவாளத் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கும் படமொன்றின் முன்னால் போய் நின்றவர், நகரவே இல்லை. ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தார். படத்துக்குக் கீழே எஞ்சினியர் பெயர் மட்டும் இருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கூப்பிட மனம் வராமல், வாட்சைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றேன். கடைசியில் ஓரத்தில் நின்ற ஒருவர்மேல் அக்காவின் விரல் நின்றது. "இது எங்க லைன் வீட்டுச் சின்னான் மாமா!"

மியூசியப் பொறுப்பாளருக்குத் தமிழ் தெரியும். "முழுப் பேர் சொல்லுங்க அம்மா" என்று கேட்டு, ஒரு சீட்டில் தமிழிலேயே எழுதிப் படத்தின் கீழே ஒட்டினார். அக்கா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பஸ்ஸில் ஏறியதும் அவராகவே சொன்னார்: "எங்கப்பன் கெடைக்கலீங்க. மாமனுக்காச்சும் பேரு வந்துருச்சில்லீங்க, அது போதும்."

கிளம்பும்போது எல்லோரிடமும் கருத்துப் படிவம் கொடுத்தேன். 'குறைகள்' என்ற இடத்தில் இந்த நாலு பேரும் பேசி வைத்ததுபோல் எழுதியிருந்தார்கள்: "மியூசியத்தில் மேனேஜர் ரொம்ப அவசரப்படுத்துகிறார்."