லுஸ் தாரியின் நான்கு பிளக்குகள்

லுஸ் தாரியைப் பற்றி யாராவது குறை பேசினால் அவர்களுக்கு என் கடையில் காப்பி கிடையாது. சதுக்கத்தின் மூலையில், ஜீப்புகள் வரிசை கட்டும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் இறைச்சி அடைத்து மடித்த எம்பனாதா பொரிக்கிறேன். யாருக்கு வண்டி ஓட்டத் தெரியும், யாருக்கு வாய் மட்டும் ஓடும் என்று எனக்குத் தெரியாதா?

அவள் காப்பித் தோட்டத்தில் பிறந்தவள். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறித்த கூலியில்தான் அந்த வில்லிஸ் ஜீப்பை வாங்கினாள். அப்போதே அது மூன்று தலைமுறை பார்த்த வண்டி. "பொம்பள ஓட்டுற வண்டியில எவன் ஏறுவான்?" என்று ஓட்டுநர்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதை சேறாகிப்போனது. ஆம்பளைச் சிங்கங்கள் எல்லாம் ஆற்றுப்பாலத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். இவள் டயருக்குச் சங்கிலி சுற்றி, கூரைமேல் வாழைக்குலையும் உள்ளே ஆட்களும் ஒரு பன்றியுமாக மேலே ஏறி வந்து என் கடைமுன் நிறுத்தினாள். பன்றிகூட மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து பழம் பறிக்கிறவர்கள் அவள் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுகிறார்கள்.

ஜீப் சங்கத்துக்குத் தலைவர் எவெலியோ. மரியாதைக்கு எல்லோரும் தோன் எவெலியோ என்பார்கள். மீசையும் தொப்பியுமாக நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் போடுவதில் அவருக்கு ஒரு தனி ருசி. முன்னால் நிற்கும் ஜீப் கிளம்பாமல் பின்னால் நிற்கும் எதுவும் கிளம்பக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மீறுகிறவன் பெயர் முறைப் பலகையிலிருந்து அழிக்கப்படும். பலகையில் பெயர் இல்லாதவனுக்குச் சதுக்கத்தில் சவாரி கிடையாது.

அந்த வருடம் கார்மென் மாதா திருநாளுக்கு முன்னால் அவருடைய மருமகன் இன்ஜினுக்குள் தீப்பொறி போடும் பிளக்கில் புது வகையாம், ஒரு பெட்டி நிறைய இரிடியம் பிளக் கொண்டுவந்து இறக்கினான். சாதாரண பிளக்கைவிடப் பல மடங்கு விலை. போட்டால் இன்ஜின் பறக்குமாம், பெட்ரோல் மிச்சமாகுமாம். எல்லோரும் விழுந்தடித்து வாங்கிப் போட்டார்கள்.

கார்மென் மாதா ஓட்டுநர்களைக் காக்கிறவள். அவள் திருநாளுக்கு அழுக்கு வண்டியோடு போவது அவமானம். அதனால் ஜூலை பிறந்தாலே இங்கே ஒருவனும் சும்மா இருக்க மாட்டான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவான், காற்று வடிகட்டியை ஊதுவான், பாயின்ட்டைத் தேய்ப்பான், சக்கரத்துக்குக் கிரீஸ் வைப்பான். அப்புறம் காகிதப்பூ சுற்றி ஊர்வலம் போவான். பாதிரியார் புனித நீர் தெளிப்பார். மற்ற பதினோரு மாதமும் வண்டி எக்கேடு கெட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

திருநாள் முடிந்து வந்தவர்கள் என் கடையில் நின்றுகொண்டு பிளக்கின் புகழ் பாடினார்கள். "மேட்டுல மூணாவது கியர்லயே ஏறுதுக்கா!" என்றான் ஒருவன்.

லுஸ் தாரி காப்பியை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள். "போன வருஷம் ஜூலையிலயும் இதையேதான் சொன்ன. அப்ப மாதா மகிமைன்னே. இப்ப பிளக்கு மகிமையா? கார்புரேட்டரைக் கழுவினா கழுதைகூட ஓடும்டா!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தோன் எவெலியோவுக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது.

பெரிய அறுவடை நெருங்கியபோது அவர் அடுத்த சட்டத்தைப் போட்டார். வழியில் நின்றுபோகும் வண்டிகளால் சங்கத்துக்குக் கெட்ட பெயராம். இரிடியம் பிளக் இல்லாத ஜீப்புக்கு இனி முறை கிடையாதாம். அந்தப் பிளக் இல்லாதது ஒரே ஒரு ஜீப். அறுவடை மாதங்களில் முறை போனால் அவள் வருடம் முழுக்கப் பட்டினி. வீட்டில் படுத்த படுக்கையாக அவளுடைய அண்ணன் வேறு இருக்கிறார்.

"வாங்கித் தொலையேன்டி, வம்பு எதுக்கு?" என்று நானே கேட்டேன்.

"ரொம்ப நாள் உழைக்கும், அதை நான் இல்லேங்கல நோரால்பா. ஆனா என் வண்டிக்கு என்ன போடணும்னு அந்த மீசை சொல்லக் கூடாது. கூடை தூக்கின காலத்துல மேஸ்திரி பேச்சைக் கேட்டாச்சு. போதும்."

நேரே தோன் எவெலியோவிடம் போனாள். "உங்க ஜீப்பு. உங்க கை. ஒரே சுமை. ஒரு பாட்டில் பெட்ரோலை உங்க பிளக்கோட ஓட்டுங்க, இன்னொரு பாட்டிலை என் பிளக்கோட ஓட்டுங்க. எது எங்க நிக்குதுன்னு ஊரே பாக்கட்டும்."

ஊரே பார்த்தது. பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, சோடா பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி முன்கண்ணாடிச் சட்டத்தில் கட்டினார்கள். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கார்புரேட்டருக்குப் போனது. காப்பி மூட்டைகளோடு பாலத்திலிருந்து தோன் எவெலியோ ஏற ஆரம்பித்தார். மாதா சொரூபம் இருக்கும் வளைவைத் தாண்டி வண்டி இருமி நின்றது. அங்கே ஒரு கல்லை வைத்தோம். மறுபடி பாலத்துக்கு இறக்கி, லுஸ் தாரி புதிதாகப் பிரித்த சாதாரண பிளக்குகளை முனை இடைவெளி பார்த்து மாட்டினாள். வண்டி அதே போல் ஏறி, அதே வளைவைத் தாண்டி, கல்லைத் தொட ஒரு வாழைக்குலை நீளம் மிச்சமிருக்கையில் நின்றது.

"பாத்தீங்களா! குறைஞ்சிருச்சு!" என்று தோன் எவெலியோ தொப்பியைத் தூக்கி ஆட்டினார்.

"நடுவுல கோழி குறுக்கே வந்துச்சு, நீங்க பிரேக் போட்டீங்க. நான் பாத்தேன்," என்றாள் லுஸ் தாரி.

"கோழியெல்லாம் கணக்குல வராது. குறைஞ்சா குறைஞ்சதுதான்."

சதுக்கத்துக்குத் திரும்பி, எல்லோர் கண்முன்னாலும் முறைப் பலகையில் அவள் பெயரைக் கைக்குட்டையால் அழித்தார். ஒருவனாவது வாயைத் திறக்க வேண்டுமே! எல்லோரும் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ஒருத்தனுக்கும் காப்பி ஊற்றவில்லை.

மறுநாள்தான் அறுவடையின் முதல் நாள். விடியும்போது நான் அடுப்பு மூட்ட வந்தால், வரிசையின் தலையில் அவள் ஜீப் நிற்கிறது. பறிக்கிறவர்கள் கூடைகளோடு உள்ளே நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள், பின்படியிலும் தொங்குகிறார்கள். அவள் பின்னால் மற்ற ஜீப்புகளும் வந்து வரிசையாக நின்றன.

தோன் எவெலியோ ஓடிவந்தார். "உன் பேரு பலகையில இல்ல. வண்டியை எடு!"

"எடுக்கலாமே," என்றாள். பானெட்டைத் திறந்து, ஸ்பானரைப் போட்டு, நான்கு பிளக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "இப்ப இது நகராது. பிளக்கோட மகிமை இவ்வளவுதான் தோன் எவெலியோ. இருந்தா ஓடும், இல்லாட்டி ஓடாது. முன்னாடி நிக்கிற வண்டி கிளம்பாம பின்னாடி எதுவும் கிளம்பக் கூடாது. சட்டம் உங்களோடது."

"தள்ளுங்கடா!" என்று அவர் கத்தினார். ஓட்டுநர்கள் இரண்டு பேர் வந்து கைவைத்தார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் இறங்கவில்லை. "எங்களையும் சேத்துத் தள்ளுறியா?" என்று ஒரு கிழவர் கேட்டார். கைவைத்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

வெயில் ஏறியது. பின்வரிசையில் ஹார்ன் அலறியது. தோட்டத்து முதலாளிகளின் ஆட்கள் வந்து ஜீப் எங்கே, ஆள் எங்கே என்று கத்தினார்கள். "தலைவரே, ஒரு பிளக்குக்காக எங்க பொழப்பக் கெடுக்காதீங்க!" என்று முதல்முறையாக ஒருவன் வாயைத் திறந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன், அப்புறம் எல்லோரும் கத்தினார்கள்.

தோன் எவெலியோ பெட்டியிலிருந்து நான்கு புதுப் பிளக்கை அள்ளி வந்து நீட்டினார். "இந்தா தாயே, சும்மா தர்றேன். மாட்டிக்கிட்டுக் கிளம்பு."

"எனக்கு வேணாம். என் பேரை எழுதுங்க."

எழுதினார். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. அவள் பலகைக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பையிலிருந்த தன் பழைய பிளக்குகளை நிதானமாக மாட்டினாள். ஸ்டார்ட்டரை மிதித்ததும் வண்டி ஒரே பிடியில் பிடித்தது.

என் கடையைத் தாண்டும்போது, "நோரால்பா, உன் எம்பனாதா கருகுதடி!" என்று கத்திக்கொண்டே போனாள். திரும்பிப் பார்த்தேன், கருகித்தான் போயிருந்தது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.